அச்சு எண்ணி

மாகோவிலும் மாங்குளத்திலும்
இனி ஒரே சிவப்பு.
சுற்றறிக்கை அப்படித்தான் சொல்கிறது, மூன்று மொழியில்.
தமிழில் மட்டும் 'தடம்' என்பது 'தடயம்' என்று அச்சாகி.

தெற்கே நட்ட அதே பெட்டி,
அதே பதினாறு திருகாணி,
அதே சாம்பல் பூச்சு.
முறிகண்டிப் பக்கம் ஒன்றைத் திறந்தேன்,
உள்ளே முசுறு குடியிருந்தது.
கையேட்டில் முசுறுக்குப் பக்கம் ஒதுக்கவில்லை.
நிசங்க மண்ணெண்ணெய் தேடினான்.
நான் கையை உதறிக்கொண்டு நின்றேன்.

முந்தி வளையத்தில் தோற்பை, பையில் பித்தளை வில்லை.
வில்லை யார் கையிலோ பாதை அவனுக்கு.
பிறகு வில்லையும் போய்ப் பாதையும் போய்
தண்டவாளம் பதுங்குகுழிக்குக் கூரையானதை
நான் நிசங்கவுக்குச் சொல்லவில்லை.
அவன் கேட்கவுமில்லை.
கேபிளைப் பற்றிப் பேசினோம்,
கண்ணிவெடி கிளறி எடுத்த மண்ணில்
ஒரு மீற்றர் ஆழம் காணுமா என்று.

கடவையில் யசிந்தா.
பொலிஸ் தரும் நாட்கூலி,
பழஞ்சேலையில் கிழித்த பச்சைக்கொடி,
மழைக்கு ஒரு தகரம்.
அடுத்த மாதம் தடி தானாக விழும், மணி தானாக அடிக்கும்.
அதை நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

"இந்தக் காளான் மாதிரிக் கிடக்கிறது என்ன?"

அச்சு எண்ணி, என்றேன்.
உள்ளே போகும் அச்சை எண்ணும்.
அங்கால், மற்ற முனையில், வெளியே வருவதை எண்ணும்.
இரண்டும் சரியென்றால்தான் பாதை வெறுமை.
பிறகுதான் பச்சை.

"ஒண்டு குறைஞ்சால்?"

சிவப்பு விலகாது.
எத்தனை நாளானாலும்.

"பிறகு?"

ஆள் நடந்து போய்ப் பார்க்க வேண்டும், முழுத் தூரமும்.
படிவத்தில் எழுத வேண்டும்:
நானே நடந்தேன், நானே பார்த்தேன், எதுவுமில்லை.
கையொப்பம். சாட்சிக்கு இன்னொரு கையொப்பம்.
அதற்குப் பிறகே சாவி போட்டுப்
பூச்சியமாக்கலாம்.

கொடியைத் தடியில் சுற்றினாள், அவிழ்த்தாள்.
"எனக்கும் ஒரு படிவம் வந்தது.
அதில நடந்து பாத்த ஆளின்ர பேர் இல்லை.
என்ர கையொப்பத்துக்கு மட்டும்தான்
புள்ளிக்கோடு போட்டிருந்தினம்."

ஆறு பத்து றெயில் வந்தது.
நாற்பத்து நாலு. நாற்பத்து நாலு.
அவள் தகரத்தின் கீழ் போய் நின்றாள்.

வியாழக்கிழமை பரிசோதனை.
கொழும்பிலிருந்து மூன்று பேர், வெள்ளைத் தலைக்கவசம்.
பத்தரைக்குத் திரையில் சிவப்பு விழுந்தது.
உள்ளே இரண்டு. வெளியே ஒன்றுமில்லை.
பெரியவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
அங்கேயே பூச்சியமாக்கலாமே, என்றார் ஒருவர்.
"பே, சேர்," என்றான் நிசங்க. முடியாது.
அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

நடந்தோம்.
கல்லுக்குக் கல் வெயில்.
யசிந்தாவும் வந்தாள், யாரும் கூப்பிடாமல்.
றெயில் இல்லாத பாதைக்குக் கடவையில் என்ன வேலை.

நாங்கள் தண்டவாளத்தைப் பார்த்தோம்,
நான் இடது, நிசங்க வலது.
அவள் இரண்டு கரையிலும் காட்டைப் பார்த்தபடி வந்தாள்.

வீரை மரத்தடியில் தள்ளுவண்டி,
இரண்டு அச்சும் வானத்தைப் பார்க்கக் கவிழ்ந்து.
பாதை போடும் பெடியள் சோற்றுப் பார்சல் விரித்திருந்தார்கள்.
நடுவழியில் தூக்கி வைத்திருக்கிறார்கள்,
நிழலுக்காக.
நிசங்க சிரிப்பை அடக்கவில்லை,
குந்தியிருந்து படிவத்தை நிரப்பினான்.
ஒரு பெடியன் பருப்பை நீட்டினான்.

சாட்சிக் கையொப்பத்துக்கு
நான் பேனையோடு திரும்பினேன்.

யசிந்தா நிற்கவில்லை.
தள்ளுவண்டியைத் தாண்டி,
அடுத்த எண்ணியையும் தாண்டி,
எங்கள் பிரிவு முடிந்த இடத்துக்கு அப்பால்
சிலிப்பர் கட்டை சிலிப்பர் கட்டையாய்
இரண்டு கரையும் பார்த்துக்கொண்டு
போய்க்கொண்டிருந்தாள்.