பேரிங் சத்தம்

முதல் ராத்திரி அதை ஒழுக்கு என்று நினைத்தேன்.
தகரத்தில் ஆணி தளர்ந்த இடத்தில்
இப்படித்தான் சொட்டும்:
டிக், கொஞ்சம் யோசனை, டிக் டிக்.
சட்டி வைக்க எழுந்து
டார்ச் அடித்துத் தேடினால்
தரை காய்ந்து கிடந்தது.
சத்தம் பழைய தக்காளிப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

பெக்கோ.
நுவரெலியாவில் பஸ்ஸுக்கு நின்றபோது
சீனிச் சாக்குக்குள் வைத்து ஒருவன் விற்ற
கினிப்பன்றி.
எலியா பன்றியா என்று யோகமலர் கேட்டாள்.
ரெண்டும் இல்ல பாப்பா, ஆயிரத்து ஐந்நூறு, என்றான்.

அது போடும் சத்தமெல்லாம் எங்களுக்குப் பாடம்.
பை சரசரத்தால் விசில்.
மடியில் வைத்துத் தடவினால்
தூரத்து மலையேறும் லொறி.
பெட்டியைத் தூக்கினால் பல் நறநறப்பு.
இது எதிலும் சேரவில்லை.
வாயால் போடும் சத்தமில்லை,
மூச்சு போகிற வழியில்
எதையோ உரசிக்கொண்டு போகிறது.

நான் ஸ்டோருவில் பிட்டர்,
இருபத்திரண்டு வருஷம்.
ஓடும் ரோலரில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து
பிடியைக் காதடி எலும்பில் அழுத்தினால்
உள்ளே எந்தக் குண்டு தேய்ந்திருக்கிறது
என்று சொல்லிவிடுவேன்.
கொழும்பிலிருந்து மீட்டரோடு வந்தவர்கள்
அரை நாள் கழித்து அதையே சொன்னார்கள்.

பெக்கோமேல் இரும்பு வைக்க முடியுமா.
காதையே வைத்தேன்.
மயிருக்குள் வெதுவெதுப்பு, மானாப்புல் வாசம்.
எண்ண முடியாத வேகத்தில் நெஞ்சு.
அதற்கு மேலே
ஈர வால்வு ஒன்று
ஒட்டி, பிரிந்து, ஒட்டி.
கழற்ற ஒரு நட்டு இல்லை.
கிரீஸ் போட ஒரு துவாரம் இல்லை.
அப்படியே வைத்திருந்தேன்,
ரெண்டாம் சங்கு ஊதும்வரை.

தலவாக்கலை மிருக டொக்டர்
அதுவரை பசுவும் ஆடும்தான் பார்த்தவர்.
அவர் தராசு கன்றுக்குட்டிக்கானது,
முள் அசையவே இல்லை.
எதிர்க் கடையில் நிறுத்து வரச் சொன்னார்.
முதலாளி பருப்பை இறக்கிவிட்டு
தட்டில் ஒரு பேப்பர் விரித்து
எழுநூற்று அறுபது கிராம் என்று
பில்லே எழுதிக் கொடுத்தார்.

காலை மாலை நாலு சொட்டு.
கொய்யாப்பழம் கொடுங்கள்.
குளிரில் வைக்காதீர்கள் என்றார்
(ஜூன் மாதம், லயத்தில், எங்கே வைப்பது).
கடைசியாகக் கேட்டார்:
வீட்டில் தூசி இருக்கா?
இல்லை என்றேன்.
யோகமலர் என் சேர்ட் காலரைப் பார்த்தாள்.

சல்லடை அறையில் ஒரு பஞ்சு பறக்கும்.
தேயிலையின் மயிர், பழுப்பு நிறம்,
பிடித்தால் கையில் இருக்காது,
விட்டால் புருவத்தில் இருக்கும்.
அதோடு வந்துதான் தினமும்
அதை மடியில் தூக்கி வைப்பேன்.

அன்றிலிருந்து சாமத்தில் வேலை முடிந்தால்
பீலிக்கரையில் சேர்ட்டைக் கழற்றி உதறி
பல் கிட்டிக்கக் குளித்துவிட்டு
வீட்டுக்குள் வருகிறேன்.
கனகவல்லி போர்வைக்குள்ளிருந்து சொன்னாள்:
'இந்தச் சத்தத்துக்கா இவ்வளவு பாடு?
பதினொரு வருசமா ராத்திரி ராத்திரி
இதக் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருக்கேன்.'
எங்கருந்து, என்றேன்.
புரண்டு சுவர்ப்பக்கம் படுத்துவிட்டாள்.

அஞ்சாம் நாள் பெக்கோ கொய்யாத் தோலைத் தின்றது.
ஏழாம் நாள் மூக்கோரப் பொருக்கு உதிர்ந்தது.
டிக் இன்னும் இருக்கிறது,
ஆனால் யோசித்து யோசித்து வருகிறது.

இன்று லீவு.
பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.
யாரும் பார்க்கவில்லை.
நுனியை நெஞ்செலும்பில் வைத்து
குனிந்து, கழுத்தை ஒடித்து,
பிடியைக் காதடியில் அழுத்தி
மூச்சை இழுத்தேன்.

அடுப்படியில் பை சரசரத்தது.
பெக்கோ விசில் அடித்தது.
இரு, என்றேன்,
இன்னும் கேட்டு முடியவில்லை.