செக்கிங் மேசையில் ஓர் ஏரி நகரம்

அந்த ஊருக்கு இன்று
ஆயிரத்து இருநூறு தடவை போய்வந்தேன்.
மணிக்கூண்டு, மரப்பாலம்,
தையலோரம் கழுத்து வளைத்த அன்னம்.
அருங்காட்சியகத்துக் கடைக்குப் போகும் பனியன்.
பிசிறு வெட்டி
அவர்கள் காசில் விலைச்சீட்டு குத்தணும்.

உள்ளே என்ன வைத்திருக்கிறார்களோ தெரியாது,
வெளியே வரும் வழியில்
நான் மடித்தது இருக்கும்.

ஒரு பீஸில் பிரிண்ட் வழுக்கி
பாலம் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.
ரிஜெக்ட் என்று வீசினார் சென்னியப்பன்.
நாற்பது ரூபாய் கொடுத்து எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை
ஆண்டிபாளையம் குளம்.
படகுக்கு டோக்கன் கிழிக்கிற பையன்
பனியனையே பார்த்தான்:
"ஏனுங்க்கா, இந்த ஊருக்குப் போயிருக்கீங்ளா?"

"ஆமாங்கண்ணு,
பாலம் உழுந்தன்னைக்கு
அங்கதான் இருந்தேன்."