மூன்றாம் தாள்

மஞ்சக்குப்பத்தில் கம்பெனி பஸ் வருமுன்
பதினேழு நிமிஷம் கிடைக்கும்.
அதில்தான் நான்காம் நூற்றாண்டைப் படிக்கிறேன்.
தபாலில் வந்த பாடப்புத்தகம்,
மழையில் நனைந்து முதுகு உப்பி,
எகிப்தும் சிரியாவும் ஒட்டிக்கொண்டு.
பிளேடால் பிரித்தேன்.
கொஞ்சம் எகிப்து சிரியாவோடு போய்விட்டது.

சண்டை ஒரு எழுத்துக்கு.
மகன் தந்தையோடு ஒரே தன்மையா,
ஒத்த தன்மையா?
கிரேக்கத்தில் இரண்டுக்கும் நடுவே
நகம் கீறியதுபோல ஒற்றைக் கோடு.
அதற்காக ஆயர்கள் ஒருவரையொருவர் சபித்துக்
கையெழுத்திட்டார்கள்.
துறைமுகங்களில் கப்பல்காரர்கள்
கட்சி கட்டிப் பாடினார்கள்.

சனிக்கிழமை வகுப்பு, கோயில் பின்னறை,
நாங்கள் நான்கு பேர்.
லாரி புக்கிங் ஆபீஸ் நசரேன் கேட்டார்:
"ஒரு எழுத்துக்கா இவ்ளோ?
எங்க ரசீதுல தினம் பத்து எழுத்து காணாமப் போவுது.
சரக்கு போய்ச் சேருதே!"
சிரித்தோம். நானும்தான்.

பிறகு செவ்வாய்க்கிழமை வந்தது.
கழிவுநீர் மாதிரி, மூன்றாம் குழாய்.
வெளிர் பழுப்பு, அழுகிய கொய்யா வாசனை.
குழாய்க்கு அப்பால் உப்பனாறு,
அதற்கப்பால் யாருடைய வலையோ.
இரண்டு முறை ஓட்டினேன்,
நம்பாமல் இன்னொரு முறை.
மூன்று புள்ளி எட்டு.

தணிகாசலம் சார் தோளுக்குப் பின்னால் நின்று
அன்பாகத்தான் சொன்னார்.
"புள்ளி எடம் மாறியிருக்கும், பாரும்மா.
பூஜ்யம் போட்டு முன்னாடி வை.
மூணும் அங்கயேதான் இருக்கு, எட்டும் இருக்கு.
அதே நம்பர்தானே?"

ஒத்த நம்பர்தான்.
ஒரே நம்பர் இல்லை.

புள்ளி வைத்தால் உயிர் போகும்,
மெய் மட்டும் நிற்கும் என்று
இரண்டாம் வகுப்பில் படித்திருக்கிறேன்.
எழுத்தைப் பற்றிய பாடம் அது.
லேபில் ஏசி இருந்தும் கை வியர்த்தது.
குழுக் கடனில் பதினோரு தவணை பாக்கி,
அதைத்தான் முதலில் நினைத்தேன்,
விசுவாசத்தை அல்ல.
பேனாவும் ஒரு தடவை வழுக்கியது.
மூன்று, புள்ளி, எட்டு.

வெள்ளிக்கிழமை என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள்.
காலி டிரம் எண்ணும் வேலை.

ஐந்து முறை நாடு கடத்தப்பட்ட ஆயர் ஒருவர்
புத்தகத்தில் வருகிறார்.
நைல் நதியில் படகேறித் தப்பும்போது
துரத்தி வந்தவர்களே எதிர்ப்பட்டு
அவரைப் பார்த்தீர்களா என்றார்களாம்.
பக்கத்தில்தான் இருக்கிறார், விரைந்து போங்கள்
என்றாராம் அவர்.
பொய்யும் இல்லை, பிடிபடவும் இல்லை.
நசரேன் அந்த இடத்தில் மட்டும் அடிக்கோடு போட்டார்.
அவருடைய ஆட்கள் எதிராளிகளை
அடித்தார்கள் என்றும் ஒரு குறிப்பு தொடங்குகிறது,
பொடி எழுத்தில்.
பிளேடு பட்ட பக்கம். மீதி எனக்குத் தெரியாது.

நேற்று மதியம் ஜீப் வந்தது.
கையில் ஃபைலோடு ஒருவர் ஸ்டோர் வாசலில் நின்று
என்னையே கேட்டார்:
"மூணாம் குழாய் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டவங்க
எங்கம்மா இருக்காங்க?"

பக்கத்தில்தான் என்று
நாக்கு நுனி வரை வந்துவிட்டது.
ஆனால் ஸ்டோருக்கு ஒரே கதவு.
அதில் அவர் நிற்கிறார். நதியும் இல்லை.
"நான்தான் சார்."

அவர் பேனாவைத் திறந்தார்.
"பேரு எப்சிபாவா, எப்சிபாளா?
கடைசியில ள் உண்டா?
சரி விடுங்க, ஒரு எழுத்துதானே,
எதுவானா என்ன."

பேனாவைக் கேட்டு வாங்கி
நானே எழுதினேன்.
புள்ளியும் வைத்தேன்.