இடப்பக்கம் திரும்பும்போது

பைசாந்துவில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி
என் கராஜ்.
பதினோரு வருஷமாக உள்ளே நிற்கிறது
ஒரு ஃபோர்டு பிக்கப்.
நாற்பத்தாறாம் வருஷத்து உடம்பு,
அறுவடை எந்திரத்திலிருந்து கழற்றிய டீசல் எஞ்சின்,
மூடிப்போன சினிமாக் கொட்டகையின்
நாற்காலி இரண்டு.
பித்தளை எண்களைப் பிடுங்கவில்லை:
ஓட்டுபவருக்குப் பதினான்கு,
பக்கத்தில் பதினைந்து.

“முடிந்ததா, நெலிதா?”
ரொட்டிக் கடையில் கேட்கிறார்கள்.
பல் பிடுங்கும்போது டாக்டர் கேட்கிறார்;
வாய் நிறையப் பஞ்சு,
பதில் சொல்ல வேண்டியதில்லை.
வில்மார் மட்டும் கேட்பதில்லை.
வெல்டிங் கம்பி வாங்கிய ரசீதை
மாதம் ஒருமுறை
என் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் வைப்பார்.

முடிந்ததா என்பதே ஒரு கோணல் கேள்வி.
மழை முடியும். சம்பளம் முடியும்.
அதெல்லாம் தானாக முடிகிற வகை.
வண்டியை யாராவது முடிக்க வேண்டும்.
முடித்தாயா என்று
ஒருவராவது கேட்டிருந்தால்
நேராகவே சொல்லியிருப்பேன்:
இல்லை, பயமாக இருக்கிறது,
அப்புறம் ஞாயிற்றுக்கிழமையை
எங்கே கொண்டுபோய் வைப்பது?

கராஜ் கதவின் உட்புறம்
சாக்பீஸில் ஒரு பட்டியல்.
ஒன்றை அடித்தால் இரண்டு முளைக்கும்.
கதவின் இடைவெளி சரியானதும்
பக்கத்து மட்கார்டு கோணலாகத் தெரிந்தது.
மட்கார்டை நிமிர்த்தினால்
அந்தப் பச்சை இந்தப் பச்சையோடு ஒட்டவில்லை.
மூன்று முறை பெயிண்ட் அடித்தேன்.
முதலாவதும் மூன்றாவதும் ஒரே நிறம்தான் என்றான்
கடைக்காரன் எதெல்மிரோ,
மூன்றாவது டப்பாவுக்கும்
காசை எண்ணி வாங்கிக்கொண்ட பிறகு.

போன வருஷம் ஆய்வுக்கு ஓட்டிப்போனேன்.
பிரேக் பார்த்தார்கள், விளக்கு பார்த்தார்கள்,
புகையை முகர்ந்தார்கள்,
முத்திரை குத்தினார்கள்.
அரசாங்கத்தைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது.
வீட்டுக்கு வந்து
டாஷ்போர்டைக் கழற்றினேன்.

ஆகஸ்டில் தென்மேற்கிலிருந்து பம்பேரோ.
மழை படுத்துக்கொண்டு பெய்தது.
கூரைத் தகரத்தின் இடுக்கு வழியாக
இரவெல்லாம் கதவின் மேல் ஒழுகி
காலையில் பார்த்தால்
கதவடியில் பால் கொட்டியதுபோல் தண்ணீர்,
மேலே வெறும் பலகை.
மொத்தம் பத்தொன்பது வேலை இருந்தது.
எண்ணிக்கை நினைவிருக்கிறது,
எதெது என்பது இல்லை.

புது சாக்பீஸ் எடுத்து எழுதினேன்.
பின்விளக்கு ஒயர்.
டீசல் குழாய்க் கசிவு.
பதினைந்தாம் நாற்காலியின் கீச்சு.
ஹார்ன்.
ஐந்தாவதற்காகக் கையைத் தூக்கி வைத்தபடி நின்றேன்.
குடுவையில் மாத்தே ஆறிப்போனது.
வரவில்லை.
பேன் பார்ப்பதுபோல் வண்டியைச் சுற்றிவந்தேன்.
தேடினால் கிடைக்கும்;
தேடி எதில்தான் குறை கிடைக்காது.
தேடிக் கிடைப்பதை
இனி எழுதுவதில்லை என்று
சாக்பீஸைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
துவைத்தபோது கரைந்தது.

மூன்று வேலைக்கு ஒரு வாரம்.
கீச்சொலி போயிற்றா என்று பார்க்க
வில்மார் பதினைந்தில் உட்கார்ந்தார்,
பதினோரு வருஷத்தில் முதல்தடவை.
இப்படி அசைந்தார், அப்படி அசைந்தார்.
“இல்லை” என்றார்.
இறங்கவில்லை.

நான்காவது ஹார்ன்.
இடப்பக்கம் திரும்பும்போது தானாக அலறும்.
ஸ்டீயரிங் தண்டுக்குள் ஒரு ஒயர்
தோல் உரிந்து கிடக்கிறது;
எந்த இடம் என்றும் தெரியும்.
அரைமணி நேர வேலை.
மூடியைத் திறந்தேன், பார்த்தேன்,
திருப்பி மூடினேன்.
கதவில் அந்த ஒரு சொல்லை
அடிக்கவுமில்லை, அழிக்கவுமில்லை.

சனிக்கிழமை வெளியே எடுத்தோம்.
மருந்துக்கடை முனையில் இடப்பக்கம்.
ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்த ஒதிலியா
பாதியில் நிறுத்திக் கையை உயர்த்தினாள்.
நான் அவளைக் கூப்பிடவில்லை.
ஆனாலும் கையை உயர்த்தினேன்.
வில்மாரும் உயர்த்தினார், சற்றுத் தாமதமாக.
அடுத்த முனையும்
இடப்பக்கம்தான்.