சக்கை என் பங்கு

ஸெனோனின் தாடையைக் கம்பியால் கட்டிவிட்டார்கள்.
நான்கு வருடம் என்னோடு பேசாதவன்
இப்போது பேச முடியாதவனாக
என் சோஃபாவில் கிடக்கிறான்.
சாரத்திலிருந்து விழுந்தவனுக்கு
லூப்ளினில் வேறு விலாசம் இல்லை.

ஆறு வாரம். பல்லுக்கு விடுமுறை.
மருத்துவமனையில் லுத்மிவா தாளில் எழுதித் தந்தாள்:
பால், வடிகட்டிய சூப், புரதப் பொடி,
கேரட், ஆப்பிள், பீட்ரூட் – சாறாக மட்டும்.
கடைசி வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டாள்:
நார் கூடாது, உறிஞ்சுகுழல் அடைத்துக்கொள்ளும்.

என் பையில் இருநூற்றுப் பத்து ஸ்லோட்டி.
அதில் டிராலிபஸ் பாஸும் இருக்கிறது,
மீட்டர் கட்டணமும் இருக்கிறது.

பெரிய கடையில் ஒன்று தொள்ளாயிரம்.
மெதுவாகப் பிழியுமாம், சத்தமே வராதாம்.
விற்கிற பெண் அதைத் தொட்டிலை ஆட்டுகிறமாதிரி
தொட்டுத் தொட்டுச் சொன்னாள்.
பக்கத்தில் நூற்று நாற்பத்தொன்பதுக்கு ஒன்று,
கைப்பிடி பால்புட்டி கனம்கூட இல்லை.
"ஒரு கேரட் போட்டுப் பார்க்கலாமா?"
பெட்டியைப் பிரிக்கக் கூடாதாம்.
என் கோட்டுப் பையில் மூன்று கேரட் இருந்தன,
கழுவித் தோல் சீவியவை.
அவள் அவற்றையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
வித்தோல்ட் பழைய இஸ்திரிப்பெட்டிகளுக்கு நடுவே
ஆரஞ்சு மூடி போட்ட ஒன்றை வைத்திருந்தார்.
என்னைவிட மூத்தது.
சாவி வெட்டுகிறவரிடம் மின்சாரம் கடன் வாங்கி
என் கேரட்டைப் போட்டார்.
லாரி மேடேறுகிற சத்தம்.
புறாக்கள் எழுந்து போயின.
கிண்ணத்தில் நுரையும், நுரைக்கடியில் சாறும்.
குழலை எடுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு
உதட்டால் மட்டும் உறிஞ்சினேன்.
பாதியில் நின்றது.
பழைய மெல்லிய கைக்குட்டையில் வடித்து
மறுபடி உறிஞ்சினேன்.
வந்தது.
பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள்,
வித்தோல்ட் சிரிக்கவில்லை.
"யாருக்கு?" என்றார்.
"தம்பிக்கு."
அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை நாளாயிற்று!

எழுபது சொன்னார். மூடியின் கொக்கி உடைந்திருக்கிறது,
கையால் அழுத்திப் பிடித்தாக வேண்டும் என்றேன்.
ஐம்பத்தைந்து.
கூடவே ஒரு வடிகட்டியைத் துடைத்துப் பையில் போட்டார்.

காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும்
சமையலறை அதிர்கிறது.
கீழ்வீட்டு குனெகுந்தா விளக்குமாற்றுக் கட்டையால்
தன் கூரையை இடிக்கிறாள்,
அதாவது என் தரையை.
ஒரு கை மூடியில், ஒரு கை ஆப்பிளில்,
சுவிட்சை முழங்கையால் தட்டுகிறேன்.

அவன் சிலேட்டில் எழுதிய முதல் சொல்: உப்பு.
இரண்டாவது: விலை?
நூற்றைம்பது என்று பொய் சொன்னேன்.
ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

சக்கையை எறிய மனம் வரவில்லை.
மாவும் முட்டையும் சேர்த்துத் தட்டி
எண்ணெயில் போட்டெடுத்து
அவன் எதிரில் உட்கார்ந்து மெல்கிறேன்.
ஒரே கேரட்டில்
சாறு அவனுக்கு, சக்கை எனக்கு.
அம்மாவின் வீட்டை விற்றபோது
அவன் கணக்குப்படி அது தலைகீழாக நடந்ததாம்.
என் தாடை ஏறி இறங்குவதையே பார்க்கிறான்,
பசித்த பூனை ஜன்னலைப் பார்ப்பதுபோல.

பதினோராம் நாள்,
நான் பீட்ரூட்டை நறுக்கிக்கொண்டிருக்கையில்
வந்து நின்று
மூடியின்மேல் கையை வைத்து அழுத்தினான்.
சுவிட்சைப் போட்டேன்.
அந்தச் சத்தத்தில்
யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை.
சுவரெல்லாம் சிவப்புப் புள்ளிகள். துடைத்தது நான்தான்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி கம்பியை வெட்டுவார்கள்.
வாய் திறந்ததும் முதலில் வீட்டுப் பணத்தைத்தான் கேட்பான்.
எனக்கும் பதில் தயார்.
அதற்கு முன்னால்
ஒரு அடையாவது மென்று விழுங்கட்டும்.