சீனி கலந்ததா

பண்டாரவளைக்கு ஏறும் ரோட்டின் முடக்கில்
வேன் ஒன்று நின்றது.
இறங்கியவர் போத்தலைத் தூக்கி
வெயிலுக்குப் பிடித்தார். கவிழ்த்து,
குமிழ் மெதுவாய் மேலேறுவதைப் பார்த்தார்.
நெருப்புக்குச்சியைத் தேனில் தோய்த்து
உரசியும் பார்த்தார். பற்றிக்கொண்டது.
அப்புறமும் கேட்டார்:
"சீனி கலந்ததா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன்.
ஐப்பசி ஞாபகம் வந்து
வாய் அப்படியே நின்றது.

ஐப்பசியில் பிடித்த மழை
மார்கழி முடிந்தும் விடவில்லை.
லயத்துக்குப் பின்னால், கோப்பிச் செடிகளுக்கு நடுவே
கவட்டுக் கம்பில் சாய்த்துக் கட்டிய மூன்று முட்டி.
வாயைச் சிரட்டையால் மூடி, களிமண் பூசி
சுண்டுவிரல் நுழைய ஒரே ஓட்டை.
முதல் முட்டி நனைந்து செத்தது.
இரண்டாம் முட்டிக்காரர்கள்
ஒரு நாள் வெயில் எட்டிப் பார்த்ததும்
அடையைக் காலியாய்ப் போட்டுவிட்டு
சொல்லாமல் கிளம்பிப் போனார்கள்.
தேன்பூச்சிக்குச் செக்ரோல் இல்லை,
முற்பணக் கடன் இல்லை.
பசித்தால் போகலாம்.

மூன்றாவதில் காதை வைத்தேன்.
உள்ளே
அடுத்த மலையின் பெக்டரி போல ஒரு சத்தம்,
மெலிந்து.

வீட்டில் அரைக் கிலோ சீனி இருந்தது.
சம்பளத்துக்குப் பதினொரு நாள் இருந்தது.
பாதியைச் சுடுதண்ணீரில் கரைத்து, ஆறவைத்து
சிரட்டையில் ஊற்றினேன்.
மூழ்கிவிடாமல் ஏறி நிற்க
நாலு தேயிலைக் குச்சி மிதக்கவிட்டேன்.
எறும்புக்குத் தடையாய்
கம்பின் காலில் ஒயில் துணி.

அன்றையிலிருந்து எங்களுக்கு வெறும் சாயம்.
சின்னவன் கிருபன் கோப்பையைத் தள்ளிவிட்டான்.
"பூச்சிக்கெல்லாம் குடுக்கிறீங்க, எனக்கு?"
"அதுக வேலைக்குப் போவணும்டா" என்றார் அவன் அப்பா.
"நானுந்தான் இஸ்கூலுக்குப் போறேன்."
லயத்தில் யாரிடமும் இதற்குப் பதில் இல்லை.
சாயத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு
புத்தகப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
மழையில் இறங்கினான்.

மாசியில் வானம் வெளுத்தது. சிரட்டையை எடுத்தேன்.
ஆனியில்
பங்களாவுக்கு மேலே மலை முழுக்க
டர்பன்டைன் பூத்தது.
தோட்டத்துக்கு அந்த மரம் விறகுக் கணக்கு;
அதன் பூவுக்கு யாரும் பேர் போடுவதில்லை.
முட்டி கனத்தது. கட்டிய கயிறு முறுகியது.

ஆடியில் ஒரு நாள், கடைசி நிறுவை முடிந்து
இருட்டத் தொடங்கும்போது
மானாப்புல்லைச் சாக்கில் சுருட்டிப் புகைத்தேன்.
மூடியை நெம்பியதும் கட்டைவிரலில் ஒரு கொட்டு:
கொழுந்து பறித்துக் காய்த்த இடம்,
கொடுக்கே தடுமாறியது.
இரண்டாவது கண்ணுக்குக் கீழே.
அது தடுமாறவில்லை.

ஓரத்து அடைகள் நாலை அறுத்தேன்.
நடுவில் புழு தூங்கியது, தொடவில்லை.
கடைசியாய் ஒன்று, மெழுகு மூடி, நிறைமாசமாய்.
கத்தி அதுவரை போய்
திரும்பி வந்தது.
ஐப்பசி இன்னொன்று வரும்.

துணியில் கட்டித் தொங்கவிட்டேன்.
விடிய விடியச் சொட்டி
ஆறு போத்தல் நிறைந்தது.
கிருபன் கழுவிய போத்தல்கள்.
துணியைப் பிழிந்த உரிமை அவனுக்கு;
முழங்கைவரை நக்கினான்.

"என்னம்மா, பேச்சையே காணோம்?"

"சீனி பூச்சியில கலந்திருக்கு, ஐயா" என்றேன்.
"தேனில இல்லை.
மழைக்குக் குடுத்தது, மழையோடயே தீர்ந்துபோச்சு.
இது பூவில வந்தது."

வேனுக்குள்ளிருந்து யாரோ அவசரப்படுத்தினார்கள்.
அவர் சிரித்தார். இருநூறு ரூபா குறைக்கச் சொன்னார்.
அரைக் கிலோவில் பாதி,
பதினொரு நாள் சாயம்,
கண்ணுக்குக் கீழே இன்னும் இறங்காத வீக்கம்:
இதில் எதைக் குறைப்பது என்று தெரியாமல்
நான் எதையும் குறைக்கவில்லை.
வேன் போய்விட்டது.

போத்தலைத் திரும்பக் கல்லில் வைத்தேன்.
கழுத்தில் வழிந்திருந்த சொட்டுக்கு
ஒரு பூச்சி வந்து இறங்கியது.
இருக்கிற முட்டியா, போன முட்டியா
முகத்தில் எழுதியிருக்கவில்லை.
துடைக்க எடுத்த முந்தானையை விட்டுவிட்டு
அது குடித்து முடிக்கட்டும் என்று
ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.