மூன்று மில்லிநொடி

கென்ட் ரிட்ஜ் மேட்டின் அடித்தளத்தில்
காலை எட்டிலிருந்து வெற்றிடம் தயாராகிறது.
பம்பு இரைகிறது. ஹீலியம் ஏற ஏற
முள் நடுங்குகிறது.
குறுக்கும் நெடுக்கும் கீறிய அலுமினியத் தகட்டை
ஸுல்கர்னைன் போல்ட்டுகளுக்கு நடுவே இறுக்குகிறார்,
எதிரெதிராக, ஒவ்வொன்றாக.
எல்லாம் மூன்று மில்லிநொடிக் காற்றுக்கு.

காற்றுள்ள போதே தூற்றிக்கொள் என்றவர்
இந்தக் காற்றைப் பார்த்ததில்லை.
ஒலியைப் போல் ஆறு மடங்கு.
இதற்குள் ஹைட்ரஜன் நுழைய வேண்டும், கலக்க வேண்டும்,
பற்ற வேண்டும்,
பற்றிய இடத்திலேயே நிற்க வேண்டும்.

உயர்நிலை இரண்டில் மனப்பாடம் செய்தது:
கண் இமைத்தால் ஒரு மாத்திரை.
மகரக்குறுக்கத்துக்குக் கால்.
அந்தக் காலை இருபத்தைந்தாக நறுக்கினால்
ஒரு துண்டு;
அதுதான் என் முழு நாள்.

நாற்பத்தொன்றாம் சோதனை. பற்றவில்லை.
நாற்பத்திரண்டு. பற்றியது, அடித்துக்கொண்டு போனது.
நாற்பத்து மூன்றில் கேமரா தாமதம்:
வெறும் இருட்டைத்
துல்லியமாகப் படம் பிடித்திருந்தது.
வீ கியட் சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை.

மூன்றரைக்கு மின்னல் எச்சரிக்கை.
வளாகத்துக்கு வெளியே, மஞ்சள் கட்டத்துக்குள்
சிகரெட்டோடு ஸுல்கர்னைன்.
மழைக்கு முந்திய காற்று. லைட்டர் நான்கு முறை ஏமாற்றியது.
ஐந்தாம் முறை தோளைத் திருப்பி
உள்ளங்கையைக் குழித்தார்.

எவ்வளவு ஆழம் என்று கேட்டேன்.
"அப்பா?" என்றார் மலாயில், என்ன என்று.
பையில் வெர்னியர் இருந்தது.
சாம்பலைத் தட்டாமல்
அளக்கவிட்டார்.

எங்கள் குழி ஆழம் போதாது.
பின்சுவரைச் சாய்த்து, தரையை இன்னும் தோண்டிக்
கடைசல் பட்டறையிலிருந்து வர ஒன்பது நாள்.

ஐம்பத்தொன்று.
கண்ணுக்குத் தெரியாத சுடர்;
புற ஊதா வடிகட்டி வழியாக மட்டும்
பதினொரு படங்களில்,
மேலே காற்று அலறிக்கொண்டு ஓட,
குழிக்குள் ஒரு வெளிச்சம்.
பிளாக்குக்குக் கீழே
மழை விடட்டும் என்று
பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறவரைப் போல.

வீ கியட் முதல் படத்துக்குத் திரும்பத் திரும்பப் போனான்.
ஸுல்கர்னைனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
பார்த்தார், தலையசைத்தார்.
குழாயைத் திறந்தபோது
தகடு பூவாக விரிந்திருந்தது, இன்னும் சூடு.
நான்கு இதழ் இருக்க வேண்டும்.
மூன்றுதான்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு
தொட்டிக்குள் இறங்கினார்,
திட்டிக்கொண்டே.